கீரைக்கு அடியில் மறைத்த சோறு

விளையாட்டு முகாம்களில் சமையலுக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களே, உங்களில் இரண்டு பேர் போன வாரம் என் வீடு தேடி வந்தீர்கள். இருபது பேருக்கு எவ்வளவு அரிசி போடுவது, முட்டையை எந்நேரம் அவிப்பது என்றெல்லாம் கேட்டீர்கள். அதெல்லாம் பத்து நாளில் கை தானாகப் பழகிக்கொள்ளும். அதற்கு நான் வேண்டாம். தட்டை நீட்டி நிற்கிற ஆளுக்கு என்ன போடுகிறோம், எதை நினைத்துக்கொண்டு போடுகிறோம் என்பதுதான் கைக்குப் பழகாத விஷயம். அதில் நான் ஒரு தடவை பெரிய தப்பு செய்தேன். ஒருத்தன் பிழைப்பே போயிருக்கும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

வில்லியனூர் பக்கம் ஒரு கபடி முகாமில் நான் சமையலுக்கு இருந்தேன். கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருந்த முதலாளி ஒருவர் நடத்திய டீம் அது. ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு. கபடிதான் அவர்களுக்கு வேலை, வேறு வேலை கிடையாது. பதினாறு ஆட்டக்காரர்கள், அவர்களைப் பழக்குகிற மாஸ்டர், உடம்பு பார்க்கிற தம்பி ஒருவன், சமையலுக்கு நானும் செல்வியும். பிள்ளைகள் என்னை ஆயா என்று கூப்பிடுவார்கள். செல்வி மூலக்குளத்துக்காரி. எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். முதலாளி அடுப்படிக்கு வந்தால் நான் அண்டாவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

ஒரு வருடம் மாஸ்டர் சோரியாங்குப்பத்திலிருந்து அய்யனார் என்று ஒருத்தனைக் கூட்டி வந்தார். அவன் வருவதற்கு முன்பே அவன் கதை வந்துவிட்டது. பாகூர் பக்கம் நடந்த ஒரு கடைசி ஆட்டத்தில் நடுவர் அவனை அவுட் கொடுத்திருக்கிறார். டீம் தோற்றுவிட்டது. அய்யனார் போய்க் குடித்துவிட்டு, பரிசு கொடுக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்து, இரும்பு நாற்காலியைத் தூக்கி அந்த நடுவரை அடித்துவிட்டான். அவருடைய வலது முழங்கை நொறுங்கிப்போனது. அய்யனார் சில மாதம் காலாப்பட்டு ஜெயிலில் இருந்தான். கபடிச் சங்கம் இரண்டு வருடம் விளையாடக் கூடாது என்று தடை போட்டது. அவன் செய்தது சின்னக் காரியம் என்று நான் அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை.

தடை முடிந்த பிறகும் எந்த டீமும் அவனைச் சேர்க்கவில்லை. எங்கள் மாஸ்டர்தான் முதலாளியிடம் மன்றாடி, வரப்போகிற லீக் ஆட்டங்களில் மட்டும் ஆட வைத்துப் பார்க்கலாம், ஒழுங்காக இருந்தால் வருட ஒப்பந்தம் போடலாம் என்று சம்மதம் வாங்கினார். முதலாளி எல்லாரையும் நிற்கவைத்து அவனிடம் சொன்னார்.

"ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் வரட்டும். பைய தூக்கிகினு சோரியாங்குப்பம் பஸ் ஏறிடணும். மாஸ்டர் கெஞ்சினாலும் சரி, உங்க அம்மா வந்து கெஞ்சினாலும் சரி."

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

முகாமில் அவனோடு யாரும் ஒட்டவில்லை. அவன் அறைக்குள் வந்தால் ஒருத்தன் பர்ஸை எடுத்துப் பைக்குள் வைப்பான். கேப்டன் ஸ்டீபன் நல்ல பிள்ளை, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன். அவனே அய்யனாரிடம் ஆட்டக் கணக்கைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. அய்யனார் வரிசையின் கடைசியில் உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி, பக்கத்தில் கிடக்கிற இரண்டு தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்துவிட்டுப் போவான். போதும் என்றும் சொல்ல மாட்டான், இன்னும் கொஞ்சம் என்றும் கேட்க மாட்டான். ஆள் நெடுநெடுவென்று பனைமரம் மாதிரி. பார்த்தால் எலும்பும் தோலும்தான்.

கபடிக்கு எடைக் கணக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் லீக்கில் எண்பத்தைந்து கிலோவுக்கு மேல் ஒரு கிராம் இருந்தாலும் ஆட முடியாது. சனிக்கிழமை தோறும் மாஸ்டர் எல்லாரையும் எடை பார்த்து, எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் பெயரை அடுப்படிக்கு வெளியே இருக்கிற போர்டில் எழுதிவிடுவார். பெயருக்குப் பக்கத்தில் அரை வட்டம் போட்டிருந்தால் அரைச் சோறு. வழக்கமாக அதில் இரண்டே பெயர்தான் இருக்கும். இரண்டும் தொப்பை முன்னால் வர, ஆள் பின்னால் வருகிற ரகம். போட்டிக்கு முந்தின சனிக்கிழமை மூன்றாவதாக அய்யனார் பெயரும் இருந்தது.

இந்தக் குச்சிக்கு எதற்கு அரைச் சோறு? ஜெயிலுக்குப் போனவன் என்றுதானே சோற்றில் கை வைக்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். உயரமும் எலும்பும்கூட எடை காட்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மாஸ்டரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். செல்விகூடச் சொன்னாள். "போய்க் கேளேன்க்கா, வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சிகினு இருக்க?" நான் கேட்கவில்லை. கேட்பதற்குப் பதில் வேறு வழி கண்டுபிடித்தேன்.

தட்டில் முதலில் இரண்டு கரண்டி சோறு போட்டுக் கரண்டியின் முதுகால் அமுக்குவேன். அதன்மேல் கீரையைப் பரப்புவேன். கீரைக்குமேல் மாஸ்டர் கண்ணில் படுகிற மாதிரி அரைக் கரண்டி சோறு. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்று நாலு நாள், இரண்டு வேளையும் இப்படியே நடத்தினேன். புதன்கிழமை கருவாட்டுக் குழம்பு. அன்றைக்கு மூன்று கரண்டி அமுக்கினேன். அவன் கீரையைத் தள்ளிப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் அண்டாவைப் பார்த்தேன். அவன் முழுக்கச் சாப்பிட்டு, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தான். நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவு எனக்கு.

வியாழக்கிழமை காலை எடை. அந்த வருடம் லீக் எங்கள் மைதானத்தில்தான். முகாமின் எடை மெஷினைச் சரிபார்ப்பதற்காக ஞாயிறன்றே சங்கத்தில் வாங்கிப் போய்விட்டார்கள். அன்று காலைதான் முத்திரை ஒட்டித் திரும்பி வந்தது. அதனால் நடுவில் யாரும் எடை பார்த்திருக்கவில்லை.

நாலு டீமும் வரிசையில் நிற்கிறது. அடுப்படி ஜன்னல் வழியாக நானும் செல்வியும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மெஷின் பக்கத்தில் நின்ற நடுவர் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். இடது கையால் எழுதினார். வலது கை பாதி மடங்கியபடியே நின்றது, நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. செல்வி என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"அவருதான்க்கா. இவன் அடிச்சது அவரத்தான்."

சங்கத்தில் அவரிடம் அன்றைக்கு வேறு வேலை தரட்டுமா என்று கேட்டார்களாம். வேண்டாம் என்றுவிட்டாராம். இது எனக்குப் பிறகு தெரிந்தது.

அய்யனார் ஏறினான். நடுவர் மற்றவர்களுக்குப் படித்த அதே குரலில் படித்தார். எண்பத்தைந்து கிலோ தொள்ளாயிரம் கிராம்.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "சனிக்கிழம எண்பத்திநாலரை. அஞ்சு நாள்ல எப்படிடா ஏறும்? செவுரு ஏறிக் குதிச்சிப் போயி எங்கயோ துன்னுட்டு, குடிச்சிட்டு வந்துருக்கான் மாஸ்டர். நான் அப்பவே சொன்னன். புத்தி எங்க போவும்? டேய், பைய எடு."

மாஸ்டர் அய்யனாரிடம் என்னடா செய்தாய் என்று இரண்டு தடவை கேட்டார். அவன் வாயைத் திறக்கவில்லை. "ஆயாதான் போட்டுச்சி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. மெஷினிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு அறைப் பக்கம் நடக்க ஆரம்பித்தான். என் வேலை போய்விடக் கூடாது என்று பேசாமல் போகிறான் என்பது எனக்கு அந்த நடையிலேயே தெரிந்தது.

அங்கே அறுபது எழுபது ஆண்கள் இருந்தார்கள். அடுப்படி வாசலைத் தாண்டி நான் அந்தப் பக்கம் போனதே கிடையாது. எப்படிப் போனேன் என்று தெரியவில்லை, கையில் கரண்டியோடு நடுவில் நிற்கிறேன். முதலாளி முகத்தைப் பார்க்க முடியவில்லை. எடை மெஷினைப் பார்த்துச் சொன்னேன்.

"நாந்தான் போட்டன்."

"இன்னா போட்ட?"

"சோறு. கீரைக்கு அடியில வச்சி."

எங்கிருந்தோ ஒருத்தன் சிரித்தான். முதலாளிக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "போர்டுல பேரு எழுதனத நீ பாக்கலியா?"

"பாத்தன் மொதலாளி. ஜெயிலுக்குப் போனவன்னு நீங்க சோத்தக் கொறைக்கிறீங்கன்னு நெனச்சன்."

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அய்யனார் பாதி வழியில் நின்றுவிட்டான். அப்போது நடுவர்தான் பேசினார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எட கூட இருந்தா பன்னண்டு மணிக்குள்ள மறுபடி ஏறலாம். எல்லாருக்கும் உள்ள ரூலுதான். இப்ப மணி பத்தேகால்."

முதலாளி அவர் முகத்தையே பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். "செய்ங்க, பாக்கறன்" என்று மட்டும் சொன்னார்.

முதலில் அசைந்தது ஸ்டீபன். தன்னுடைய கம்பளி ஜாக்கெட்டைக் கொண்டுவந்து அய்யனார்மேல் போட்டான். அதற்குமேல் இன்னொருத்தன் மழைக்கோட்டு. மூன்று வாரமாக முகம் கொடுத்துப் பேசாத பிள்ளைகள், அந்த வெயிலில் அவனோடு சேர்ந்து மைதானத்தைச் சுற்றி ஓடுகிறார்கள். அரைச் சோற்றுக்காரர்கள் இரண்டு பேரும் கடைசியில் இரைக்க இரைக்க ஓடினார்கள். "ஆயா, எங்களுக்கு மட்டும் அடியில ஒன்னும் வைக்கலியே, நாங்க இன்னா பாவம் பண்ணம்?" என்று ஒவ்வொரு சுற்றுக்கும் என்னைத் தாண்டும்போது கேட்டுவிட்டுப் போனார்கள்.

பதினொன்றே காலுக்கு எண்பத்தைந்து நானூறு. ஓடி ஓடி அவன் வேர்வை நின்றுபோனது. இனிமேல் வேர்க்க வைத்தால்தான் உண்டு என்றார் மாஸ்டர். நானும் செல்வியும் இட்லிக் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு வந்தோம். தட்டுகளை எடுத்துவிட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, பக்கத்தில் முக்காலி போட்டு அவனை உட்காரவைத்து, கொப்பரையையும் அவனையும் சேர்த்து இரண்டு போர்வையால் மூடினோம். "எத்தினி இட்லி வேவுது?" என்று அடுத்த டீம்காரன் கேட்டான். "ஒன்னுதான், ஆறடி" என்றாள் செல்வி. உடம்பு பார்க்கிற தம்பி அவன் மணிக்கட்டை விடவே இல்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை போர்வையைத் தூக்கி, பேர் என்ன, ஊர் என்ன என்று கேட்டுச் சரியாகச் சொல்கிறானா என்று பார்த்தான். இதைப் படித்துவிட்டு நீங்கள் யாரையும் கொப்பரைப் பக்கம் உட்காரவைக்காதீர்கள். அந்தத் தம்பி இல்லாவிட்டால் நானே விட்டிருக்க மாட்டேன்.

பதினொன்று நாற்பதுக்கு எண்பத்தைந்து நூற்றைம்பது. நான் போய்ப் புளி ஓர் உருண்டை எடுத்து வந்து அவன் வாயில் அடக்கினேன். எச்சில் ஊறும், விழுங்காமல் துப்பு என்றேன். அவன் ஒரு பக்கெட்டைக் கட்டிக்கொண்டு துப்புகிறான். சுற்றி நின்றவர்களுக்கும் பார்த்துப் பார்த்து வாய் ஊறி, அவர்களும் துப்புகிறார்கள். ஸ்டீபன் முடி வெட்டுகிற மிஷினை எடுத்து வந்து, "தல நிறைய மயிரு வச்சிருக்க, அது மட்டும் எட இல்லியா?" என்று கேட்டு, அனுமதிக்குக் காத்திராமல் நெற்றியிலிருந்து பிடரிவரை ஓர் ஓட்டு ஓட்டினான். தலை, தாடி, மீசை எல்லாம் போனது. மீசை போனபோது மட்டும் அய்யனார் "டேய்" என்றான். அவன் அந்த முகாமில் யாரையும் டேய் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பன்னிரண்டுக்கு நாலு நிமிடம் இருக்கும்போது எண்பத்தைந்து ஐம்பது. அடுத்த டீம் மேனேஜர், முடித்துவிடலாமே சார் என்றார். "பன்னண்டுன்னா பன்னண்டு" என்றார் நடுவர். அய்யனார் குதித்தான், துப்பினான், துண்டால் உடம்பை அழுந்தத் துடைத்தான். மறுபடி ஏறினான். நடுவர் குனிந்து பார்த்தார். அந்தக் குரலில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "எண்பத்திநாலு கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது. கையெழுத்து போடு."

மைதானம் முழுக்கச் சத்தம். அரைச் சோற்றுக்காரர்கள் மொட்டைத் தலையில் மாறி மாறி முத்தம் கொடுத்தார்கள். அய்யனார் பேனாவை வாங்கும்போதுதான் நடுவரின் அந்த வலது கையைப் பக்கத்தில் பார்த்தான். "சார், நான்..." என்று ஆரம்பித்தான். "சாயங்காலம் ஆட்டம் இருக்குது. போயி மோரு குடி" என்றுவிட்டு அவர் காகிதத்தை மடித்தார்.

ஆட்டம் ஐந்து மணிக்கு. கடைசி நிமிடத்தில் இரண்டு பக்கமும் சமம். அய்யனார் பாடிப் போய் ஒருத்தனைத் தொட்டுவிட்டு, நாலு பேரை உதறிக்கொண்டு வந்து நடுக்கோட்டில் விழுந்தான். எல்லாரும் தொண்டை கிழியக் கத்துகிறோம். ஓரக் கோட்டில் நின்ற நடுவர், அதே ஆள்தான், இடது கையைத் தூக்கினார். தொடுவதற்கு முன்பே கால் ஓரக் கோட்டைத் தாண்டிவிட்டது, அவுட் என்று அர்த்தம்.

கூட்டம் ஊளையிட்டது. நான் நின்ற இடத்திலிருந்து கால் தாண்டினதாகத் தெரியவில்லை. ஸ்டீபன் ஓடிவந்து அய்யனாரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டான். மாஸ்டரும் ஓடினார். முதலாளி எழுந்து நின்றார். அவன் அந்த ஓரக் கோட்டைப் பார்த்தான். பிறகு ஸ்டீபன் கையை மெதுவாக விலக்கிவிட்டு, தன் கையை உயர்த்தி, "கால் போச்சு சார்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, வெளியே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

ஒரு பாயின்ட்டில் தோற்றோம். தோற்ற டீம் மாதிரியே இல்லை எங்கள் பிள்ளைகள். முதலாளி மாஸ்டரிடம், "வருஷத்துக்கு எழுதிடு. மீச மொளைக்கட்டும், அப்பால போட்டோ எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் தட்டுகளில் கீரையைத் தள்ளிப் பார்ப்பார்.

அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். மற்றவர்கள் அவனைக் கண்டு பயந்தார்கள், நான் பரிதாபப்பட்டேன். இரண்டுமே அவனை ஜெயில்காரனாகவே வைத்திருந்தது. அந்த நடுவர் ஒருவர்தான் அவனை மற்ற ஆட்டக்காரர்களைப் போல நடத்தினார். அவனுக்காக ஒரு நிமிடம் கூட்டவும் இல்லை, ஒரு நிமிடம் குறைக்கவும் இல்லை. தப்பு செய்துவிட்டு வருகிறவன் உங்கள் வரிசையில் நின்றால், எல்லாருக்கும் போடுகிற அளவையே போடுங்கள். போர்டில் எழுதியிருப்பது சந்தேகமாக இருந்தால் போய்க் கேளுங்கள். கூச்சமாக இருந்தால் கூச்சத்தோடேயே போய்க் கேளுங்கள்.

லீக் முடிகிறவரை நடுவர்கள் எங்கள் முகாமில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். அது அவர்கள் கட்டுப்பாடு. கடைசி நாள், எல்லா ஆட்டமும் முடிந்த பிறகு, ஆட்டக்காரர்களும் நடுவர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிடுவது வழக்கம். ஞாயிறு மத்தியானம் பாகூர் ஏரிக் கெண்டை வாங்கிவந்து குழம்பு வைத்தோம். அய்யனார் எல்லாருக்கும் தண்ணீர் வைத்துவிட்டு உட்கார வந்தபோது ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது. அந்த நடுவருக்குப் பக்கத்து இலை. தயங்கி நின்று, பிறகு உட்கார்ந்தான்.

நடுவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்தார். அந்த வலது கை வாய்வரை வராது. இடது கையில் ஸ்பூனைப் பிடித்து அள்ளிச் சாப்பிட்டார். அய்யனார் சோற்றில் கை வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் குழம்பு வாளியோடு எதிரில் நிற்கிறேன்.

"இன்னாப்பா பாக்கற? இதுல ஒரு வசதி இருக்குது. மீன் துன்னாலும் கை நாறாது."

செல்வி சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவரே சிரித்தார். மீனை மட்டும் ஸ்பூனால் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுக் குழம்புச் சோற்றைச் சாப்பிட்டார். கெண்டைக்கு உள்ளெல்லாம் முள். ஒற்றைக் கையால், அதுவும் ஸ்பூனால், அதைப் பிரிக்க முடியாது.

அய்யனார் கையை நீட்டி அவர் இலையிலிருந்த மீன் துண்டை எடுத்துத் தன் இலையில் வைத்தான். நடு முள்ளை உருவினான். பிறகு பொடி முள்களை ஒவ்வொன்றாக விரலால் தடவித் தடவி எடுத்து ஓரத்தில் வைத்தான். கடைசியாக ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, மீனை அவர் இலையில் திருப்பி வைத்தான். அவர் அதை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லாருக்குதும்மா. இன்னொரு துண்டு வைங்க."

வைத்தேன். அய்யனார் அதையும் எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொண்டான்.